விகோஸ் இடுக்கில் பெயர் சொல்லி அழைத்த குரல்

மற்றவர்கள் ஏதென்ஸுக்கு இடிபாடுகளைப் பார்க்கப் போவார்கள். நான் ஒரு கையெழுத்துக்காகப் போனேன். மலையாள தேசத்தில், ஸ்ரீவராகத்தில் உள்ள எங்கள் குடும்ப வீட்டைப் பாகம் பிரிக்க, மகன் ஹரிக்குப் பதிலாக நான் கையெழுத்திட அவனுடைய முக்தியார் பத்திரம் தேவைப்பட்டது. அவன் கப்பலில் பொறியாளர். அவனுடைய கப்பல் பழுது பார்ப்பதற்காக ஏதென்ஸ் பக்கத்தில் ஒரு துறையில் ஏறி உட்கார்ந்திருந்தது. "கூரியரில் அனுப்பறேன்ப்பா" என்றான். கூரியரில் வந்த முக்தியார்களின் கதியை நான் அறிவேன். பதிவுத் துறையில் உத்தியோகம் முழுக்க அவற்றைத் திருப்பி அனுப்பியவனே நான்தான். சாட்சி கையெழுத்து இல்லை, முத்திரை மங்கல், பெயரில் ஓர் எழுத்து மாற்றம். ஆகவே நேரிலேயே போய் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். என் மனைவி பெட்டியில் புளிக்காய்ச்சலும் அவலும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தாள். ஐரோப்பா போவதற்கான எங்கள் ஆயத்தம் அத்துடன் முடிந்தது.

ஏதென்ஸ் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவளிடம், உடன் வந்திருப்பவரின் பெயர் என்ன என்று கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா, நீங்களே சொல்லிடுங்கோளேன்."

அந்த மனிதர் நான் ஒரு முதிய பெண்மணியைக் கடத்தி வந்திருப்பதாக நினைத்திருக்கலாம். விஷயம் அதுவல்ல. எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. என் பெயர் பத்மநாபன். ஊர்க் கோயிலில் பள்ளிகொண்டிருப்பவருக்கும் அதே பெயர். எனவே கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தும், கல்யாணமான நாள் முதல் அவள் சுவாமி பெயரையும் வாயால் சொன்னதில்லை. "பெரிய கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்பாள். மலையாள ஆசிரியையாக இருந்து, கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரலில் பாடம் நடத்தியவள். எந்தக் கவிதையில் அந்தப் பெயர் வந்தாலும் அந்த வரியை ஒரு மாணவியை எழுப்பிப் படிக்கச் சொல்வாள். நானும் யோக்கியன் அல்ல. "கேட்டியா" என்று கூப்பிட்டே காலத்தைத் தள்ளிவிட்டேன். அம்மாவின் பெயரே "கேட்டியா" என்றுதான் ஹரி பள்ளியில் சேரும்வரை நம்பிக்கொண்டிருந்தான்.

கையெழுத்து ஒரே நாளில் கிடைத்தது. அதன்மேல் விழ வேண்டிய முத்திரைகளுக்குச் சில நாட்கள் பிடிக்கும் என்றார்கள். அதில் நியாயம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஹரிக்கு லீவு இல்லை. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து நான் அவனுடைய கப்பல் கம்பெனியின் நடைமுறைகளைத் திருத்த ஆரம்பித்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. "வடக்கே மலைக்குப் போயிட்டு வாங்கப்பா. நல்ல நடைபாதை எல்லாம் இருக்கு" என்று எங்களைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டான்.

அப்படித்தான் ஸகோரி என்ற பகுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். கிரீஸின் வடமேற்கு மூலை அது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. பேருந்து வாரத்தில் ஏதோ சில நாட்களில் வருமாம். நாங்கள் வந்த நாள் அதில் இல்லை. நாங்கள் தங்கப் போகும் வீட்டுக்காரியின் மைத்துனர் கோஸ்தாஸ் காருடன் வந்து காத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. மலைப்பாதை நம் பொன்முடிப் பாதையைப் போலவே கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து ஏறியது. ஆனால் இங்கே தேயிலை இல்லை, தொழிலாளர் லயங்கள் இல்லை, முட்டி மோதும் ஜீப்புகள் இல்லை, ஆட்களே இல்லை. வளைவுகளில் இரும்புக் காலின் மேல் சின்னச் சின்னக் கோயில் பெட்டிகள் மட்டும் நின்றன. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு படம், ஓர் எண்ணெய் விளக்கு. கோஸ்தாஸ் ஒவ்வொன்றையும் கடக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டார். என் மனைவியும் ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எத்தனை பக்தி பாருங்கோ. பழவங்காடி பிள்ளையாராட்டம் முக்குக்கு முக்கு வெச்சிருக்கா."

அந்தப் பெட்டிகள் என்னவென்று சாயங்காலம்தான் தெரிந்தது. அந்தந்த இடத்தில் கார் உருண்டு செத்தவர்களுக்காகக் குடும்பத்தார் வைத்தவை அவை. பிழைத்துக்கொண்டவர்கள் நன்றிக்காக வைப்பதும் உண்டாம். எது எந்த வகை என்று வெளியே எழுதுவதில்லை.

"அப்போ வழி முழுக்க நான் கும்பிட்டுண்டு வந்தது?" என்றாள் என் மனைவி.

"பாதிக்குப் பாதி இருக்கும்" என்றேன்.

சொன்னவள் வீட்டுக்காரி ஸ்தவ்ரூலா. அறுபது வயது, ஆண்பிள்ளை போன்ற நடை. பாதி ஆயுளை மெல்போர்னில் கழித்துவிட்டுத் திரும்பியவள். அதனால் ஆங்கிலம் பேசுவாள். என் முழுப் பெயரை வாசித்துப் பார்த்து, பாதியில் கைவிட்டு, "மிஸ்டர் பத்மா" ஆக்கிவிட்டாள். இரவு உணவுக்கு அவள் போட்டது மாவும் வெண்ணெய்க்கட்டியும் கலந்து அடுப்பில் சுட்ட ஒரு தட்டை. எங்கள் வீட்டு அடைக்குத் தூரத்து உறவு. ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. மனைவி அதன்மேல் எலுமிச்சை ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டாள். ஸ்தவ்ரூலாவும் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். கண்ணில் நீர் வர, "இது கொலை" என்று சொல்லிவிட்டு மறுபடி எடுத்தாள். தயிரைக் கத்தியால் வெட்டலாம். மலைத் தேநீர் என்று கொடுத்தது காய்ந்த பூக்களைக் கொதிக்கவைத்த கஷாயம். எங்கள் ஊரில் அதைக் குடிக்க ஜலதோஷம் பிடித்திருக்க வேண்டும்.

மறுநாள் பிளவைப் பார்த்தோம்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு கல் மதில் இருக்கிறது. அதற்கப்புறம் பூமி இல்லை. விகோஸ் என்று பெயர். மலையை ஒருவன் ரம்பத்தால் அறுத்துவிட்டு, மிச்ச வேலையைச் செய்யாமல் போய்விட்டது போன்ற பிளவு. இரண்டு மலைகள் நெருங்கி நின்ற இடத்தைப் பார்த்து இடுக்கி என்று பெயர் வைத்த நம்மவர்கள் இதைப் பார்த்திருந்தால் அந்தப் பெயரைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். பாறைச் சுவர்கள் படுக்கைவாட்டில் தட்டுத் தட்டாக, ரிக்கார்டு அறையில் அடுக்கிய பழைய ஆதாரப் பத்திரக் கட்டுகள் மாதிரி கீழே வரை இறங்கின. அடியில் வெள்ளையாக ஒரு கோடு.

"ஆறு எங்கே?" என்றாள்.

"கீழே."

"கீழேதானே பாக்கறேன். கல்லுன்னா இருக்கு."

"அதுக்கும் கீழே."

நான் வழிகாட்டிப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். நம் மலை கருங்கல். மழை அதன்மேல் வழிந்து ஓடைகளாகத் தெரியும். சுண்ணாம்புப் பாறை மழையைக் குடித்துவிடும். ஆறு பாறைக்குள் போய்விடும். மலை உள்ளுக்குள் ஓட்டை ஓட்டையாக, யாரும் பார்க்காத ஆறுகளோடு உட்கார்ந்திருக்கும். பிளவின் அடியில் ஓரிடத்தில் மட்டும் நீர் திடீரென்று வெளியே வரும்.

"உள்ளே எல்லாம் வெறுதே காலியா?" என்று கேட்டுவிட்டு அவள் மதிலிலிருந்து ஓர் அடி பின்னால் வந்தாள். எனக்கும் ஒரு விஷயம் உறுத்தியது. அத்தனை பெரிய பள்ளத்திலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. காற்று இல்லை, பறவை இல்லை. பொன்முடியின் உச்சியில் நின்றால் எங்கோ ஒரு பஸ்ஸின் கியர் மாறுவதாவது கேட்கும்.

காப்பிக் கடை வாசலில் மூன்று கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எங்களோடு வந்திருந்த வீட்டுக்காரியை மொழிபெயர்க்கச் சொன்னேன். ஸ்தவ்ரூலா தயங்கவில்லை.

"இந்தியர்கள் நடக்க வந்திருக்கிறார்களாம். அவர்கள் நாட்டில் நடக்க இடம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறான். அந்த அம்மா இந்தத் துணியோடா இறங்கப் போகிறாள் என்று மற்றவன் கேட்கிறான்."

"எத்தனையோ மலை ஏறியிறங்கின சேலையாக்கும் இதுன்னு சொல்லுங்கோ" என்றாள் என் மனைவி. சேலைக்குக் கீழே ஹரி வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ, மேலே அவனுடைய கம்பளிச் சட்டை. நான் மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை இறங்குவதாகத் திட்டம். பிளவு முழுவதையும் நடந்து கடப்பது எங்கள் முழங்கால்களின் அதிகார வரம்புக்கு வெளியே. நீர் வெளியே வரும் ஊற்று வரை இறங்கி, அங்கே இருக்கும் சின்ன மாதா கோயிலில் உட்கார்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஏறி வந்துவிடுவது. ஸ்தவ்ரூலா தட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு, முட்டைக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில், ஒன்று சொன்னாள்.

"உச்சி வேளையில் ஊற்றுப் பக்கம் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள்."

"யார் கூப்பிடுவார்கள்?"

"பெண்கள்" என்றாள். "தண்ணீரில் இருக்கிறவர்கள். பதில் சொன்ன ஆண்கள் ஊமையாகிவிடுவார்கள். என் பாட்டனாரின் தம்பி அப்படித்தான் ஆனான் என்பார்கள். அவன் பிறவியிலேயே பேசமாட்டான் என்றும் சொல்வார்கள். நாங்கள் யாரும் அங்கே பெயர் சொல்லிக் கூவுவதில்லை. ஆட்டு மணியை ஆட்டுவோம்."

"நம்ம ஊர்லயும் உண்டே" என்றாள் என் மனைவி உற்சாகமாக. "உச்சிப் பொழுதிலே ஒத்தைக் குரல் கேட்டா ஏன்னு கேக்கக் கூடாது. மூணாம் வாட்டி கூப்பிட்டா கேக்கலாம். யக்ஷிக்கு மூணு வாட்டி கூப்பிட முடியாதாக்கும்."

ஸ்தவ்ரூலா மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "இங்கே இருக்கிறவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள்."

பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. தனியாகப் போகாதீர்கள்; குறிகளை விட்டு விலகாதீர்கள்; வழி தவறினால் இருந்த இடத்திலேயே இருங்கள்; தொலைபேசி கிடைக்காது. நான் இரண்டு முறை படித்தேன்.

"ஆதாரம் படிக்கறாப்பலே படிக்காதேங்கோ, வெயில் ஏறறது."

வெயில் ஏறியது உண்மை. ஆனால் அது பிளவுக்குள் இறங்கவில்லை. வளைந்து வளைந்து போகும் கல்பாதையில் இறங்க இறங்கக் குளிர்ந்தது. ஊற்று ஒரு பாறைக் குவியலின் அடியில் இருந்தது. அங்கே ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஓர் ஆறு முழு அகலத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. நீலம், கண் கூசும் நீலம். சத்தம் மட்டும் இல்லை. மனைவி கையை விட்டுப் பார்த்து உடனே எடுத்தாள். ஊற்றுக்கு மேலே ஆற்றின் படுகை வறண்டு, வெள்ளைக் கற்களாகப் பிளவுக்குள் திரும்பி மறைந்தது.

மாதா கோயிலின் வாசல்படியில் அவளை உட்கார வைத்தேன். அவளுடைய முழங்கால் அதற்குமேல் ஒத்துழைக்கவில்லை.

"அந்தத் திருப்பம் வரைக்கும் பாத்துட்டு வந்துடறேன், கேட்டியா. நீ இங்கேயே இரு. என்ன ஆனாலும் நகராதே."

"தட்டையைத் திங்காமே வெச்சிருக்கேன். சீக்கிரம் வாங்கோ."

தனியாகப் போகக் கூடாது என்ற முதல் விதியை மீறினேன் என்பது எனக்குத் தெரியும். விதிகளைத் தெரிந்தவர்கள்தான் எந்த விதியை மீறினால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்கிறார்கள்.

திருப்பத்துக்கப்பால் இன்னொரு திருப்பம் இருந்தது. பாதை படுகையை விட்டு வலப்புறக் காட்டுச் சரிவில் ஏறியது. பாசி பிடித்த பாறைகள், ஆள் உயரம், சில வீட்டு உயரம். மரங்களில் பாதி இலை உதிர்ந்திருந்தது. சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு குறியிலிருந்து அடுத்ததைத் தேடி நிமிர்ந்தபோது அடுத்தது இல்லை. மரமும் இல்லை. வெள்ளையாக இருந்தது. மேலே இருந்த மேகம் எப்போது உள்ளே இறங்கியது என்று தெரியவில்லை. திரும்பினேன். வந்த வழியிலும் வெள்ளை.

இருந்த இடத்திலேயே இரு என்பது விதி. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். பயம் என்று சொல்ல மாட்டேன். மூடுபனி அரை மணியில் விலகும் என்று படித்திருந்தேன். பாறையின் உள்ளே, எனக்குக் கீழே எங்கோ, நீர் போகும் சத்தம் கேட்டது. அல்லது கேட்டது போல இருந்தது. காதை வைத்தால் நின்றுவிட்டது.

அப்போதுதான் அது வந்தது.

"பத்மநாபா..."

பெண் குரல். ஓங்கிய, நடுங்கிய குரல். "நா"வில் இழுத்து, எங்கள் ஊரில் சங்கடம் வந்தால் சுவாமியைக் கூப்பிடுவார்களே, அப்படி.

ஸ்தவ்ரூலாவுக்கு என் பெயர் வாயில் நுழையாது. அந்த நாட்டில் அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரே பெண் அதைச் சொல்லவே மாட்டாள். அவளாக இருந்தால் "ஏன்னா" என்றுதான் வரும். பிரசவ வலியில்கூட "ஏன்னா" என்றுதான் கத்தினாள். அறைக்கு வெளியே நின்று கேட்டவன் நான். என்னை இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெண்கள் அம்மாவும் இரண்டு அத்தைகளும். மூவரும் தைக்காட்டுச் சுடுகாட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது.

"பத்மநாபா..."

இரண்டு. சுவர்களில் மோதி இடமும் வலமுமாகச் சிதறியது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பத்மநாபா!"

மூன்று. எங்கள் ஊர் விதிப்படி இப்போது பதில் சொல்லலாம். ஆனால் சம்பவம் நடக்கும் இடத்தின் சட்டமே செல்லும் என்பது அடிப்படை. இந்த இடத்துச் சட்டப்படி அவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். நான் சிரிக்கவில்லை. எழுந்தேன். குரல் வந்ததாகத் தோன்றிய திசைக்கு முதுகைக் காட்டி, விதியை மறந்து, நடந்தேன்.

குரல் பின்னாலேயே வந்தது. கொஞ்சம் நிற்கும்; நான் தப்பித்தேன் என்று மூச்சு விடும்போது இன்னும் அருகில் வரும். சரளைக் கல்லில் கால் வழுக்கி, கையை ஊன்றி, ஏறினேன். ஒருமுறை அது கெஞ்சியது போல இருந்தது. பிறகு அதில் ஒரு சந்தோஷம் வந்தது. கெஞ்சலைவிட அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கலக்கியது. பிறந்து அறுபத்தெட்டு வருஷம் ஆன, இரண்டு பட்டம் வாங்கிய, பேய்ச் சொத்து என்று வாங்க மறுத்தவர்களையெல்லாம் ஏளனம் செய்த நான், ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் இடையே உடம்பைத் திணித்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன்.

காதிலிருந்து கையை எடுத்தபோது கற்கள் உருளும் ஓசை. மிக அருகில். உடனே,

"ஏன்னா!"

நான் யோசிக்கவில்லை. பாறையைச் சுற்றி ஓடினேன். அவள் இரண்டு கற்களுக்கு இடையே சேலை சுருண்டு கிடக்க உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அது இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

"இங்கேயா இருந்தேள்?" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "பின்னே ஏன் போய்ண்டே இருந்தேள்?"

"நீயா கூப்பிட்டே?"

"வேற ஆரு கூப்பிடுவா இந்தக் காட்டிலே? வெள்ளையா வந்து மூடிடுத்து. ஏன்னான்னு கூப்பிட்டா எல்லாப் பக்கமும் ஆ ஆன்னு ஆக்கும் கேக்கறது. ஒண்ணும் மனசிலாகலை. உங்களுக்கு என்னமோ ஆயிடுத்துன்னு..." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "சரி, பேரையே சொல்லிடறேன், பெரிய கோயில் சுவாமிக்கும் சேர்த்துக் கேக்கட்டும்னு சொல்லிட்டேன். தப்பா?"

"தப்பில்லை."

"பின்னே ஏன் நிக்கலை?"

"வழி தெரியலை" என்றேன். அவளிடமிருந்துதான் அத்தனை தூரம் ஓடினேன் என்று அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மேல்துண்டைக் கிழித்து, ஒரு குச்சியை வைத்துக் கையைக் கட்டினேன். முதலுதவி வகுப்பு அரசு ஊழியர்களுக்கு ஒரு காலத்தில் கட்டாயம். இருவரும் நகராமல் உட்கார்ந்திருந்தோம். அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. கீழே பாறைக்குள் நீர் போய்க்கொண்டிருந்தது.

முதலில் மணிச் சத்தம்தான் கேட்டது. ஆட்டு மணி. மதியச் சாப்பாட்டுக்கு வராததால் ஸ்தவ்ரூலாவே கோஸ்தாஸைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தாள். பனி கிழிந்து கிழிந்து விலகியது. அவள் எங்களைப் பார்த்தும் எங்களிடம் வரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த இடத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

என் மனைவி விழுந்த கல்லுக்கு அப்பால், மூன்று நான்கு எட்டில், பாசியும் பெரணிச் செடியும் சூழ ஒரு குழி இருந்தது. குளத்துப் படிக்கட்டு அகலம். மழை காலம் காலமாகச் சுண்ணாம்பில் துளைத்த ஓட்டை. பெரணிகள் ஓரத்தில் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. கோஸ்தாஸ் ஒரு கல்லை எடுத்துப் போட்டார். நான்கு பேரும் காத்திருந்தோம். அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?"

முதல் தடவையாக ஸ்தவ்ரூலா மொழிபெயர்க்கவில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. சாயங்காலமே யோனினா நகரத்து மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எங்கள் மெடிக்கல் காலேஜ் வராந்தாவைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த வராந்தாவில் ஒரு குறை தெரிந்தது: கூட்டம் இல்லை. யாரிடமும் எந்த ஜன்னல் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அது என்னைக் கொஞ்சம் அவமதிப்பதாகவே தோன்றியது. இளம் டாக்டர் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புதான் உடைத்தது, சுண்ணாம்பாலேயே கட்டிவிட்டேன்" என்றார். இந்த வேடிக்கையை அவர் ஒவ்வொரு நடைக்காரரிடமும் சொல்வார் என்று தோன்றியது.

நான் இயந்திரத்தில் இரண்டு கோப்பை தேநீர் பிடித்துக்கொண்டு வந்தபோது அவள் நல்ல கையால் போனைப் பிடித்து ஹரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் குரலும் வெளியே கேட்டது.

"அப்பா ரொம்ப பயந்துட்டாராம்மா?"

"உங்கப்பாவா? நீ வேறே. நான் பேரைச் சொன்ன உடனே பதில் வந்துடுத்துடா. கோமதீ, இங்கே வா கோமதீன்னு." அவள் குரல் தாழ்ந்தது. வெட்கம். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்டா உங்கப்பா. அதைக் கேட்டுண்டே ஆக்கும் நான் உள்ளே நடந்தேன். இல்லேன்னா அந்தப் படியை விட்டு இறங்குவேனா? நான் ஒரு வாட்டி கூப்பிடுவேன், அவர் ஒரு வாட்டி கூப்பிடுவார். கடைசியிலே இதோ, நேரே முன்னாலே, கை எட்டற தூரத்திலே கேட்டுது. ஓடினேன். வழுக்கிடுத்து."

தேநீர் என் விரலில் கொட்டியது.

எதிரொலிக்கு ஒரு விதி உண்டு. கொடுத்ததைத்தான் திருப்பித் தரும், இல்லாததைத் தராது. அவள் கொடுத்தது என் பெயர். நான் ஒன்றுமே கொடுக்கவில்லை. முதல் அழைப்பிலிருந்து கடைசி அழைப்பு வரை என் வாய் மூடியே இருந்தது. கோமதி என்ற பெயரை நான் கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் அட்டையிலும் எழுதியிருக்கிறேன். உரக்கச் சொன்னதில்லை. மேலும், அவள் விழுந்தபோது நான் அவளுக்குப் பக்கவாட்டில், பாறைக்குப் பின்னால் இருந்தேன். அவளுக்கு நேரே முன்னால் என்ன இருந்தது என்பதை நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் வலி மாத்திரையின் மயக்கத்தையும் மீறி ஒரு பொலிவு. அதற்கு நடுவில் எங்கோ ஒரு கேள்வியும் இருந்தது.

"நீங்கதானே கூப்பிட்டேள்?"

"இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானா?" என்று என் மேஜைக்கு முன்னால் நின்ற எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். இன்னொருவர் இட்டதைத் தான் இட்டதாக ஒப்புக்கொள்வது என்ன குற்றம், எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று மனப்பாடமாகத் தெரியும். அப்படிப் பொய்யாக ஒப்புக்கொள்பவர்களின் முகத்தையும் தெரியும். கண்ணைப் பார்க்க மாட்டார்கள்.

"நான்தான்" என்றேன், தேநீரைப் பார்த்துக்கொண்டு.

அவள் கேள்வி அணைந்துவிட்டது. கோப்பையை வாங்கிக்கொண்டு, "சூடே இல்லை" என்றாள்.

முத்திரைகள் எல்லாம் ஒழுங்காக விழுந்தன. ஊருக்குத் திரும்பிய மாதத்திலேயே பாகப் பத்திரம் ஓர் ஆட்சேபமும் இல்லாமல் பதிவாகிவிட்டது. இந்தக் கட்டுரையை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் தமிழ் பேசினாலும் அவள் படித்தது எல்லாம் மலையாளத்தில். எங்கள் தெருவில் பலரைப் போல அவளுக்கும் தமிழ் எழுத்து வாசிக்க வராது. மலையாளப் பத்திரிகை ஒன்று கேட்டபோது, கிரேக்கத் தயிரைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன்.

மாவுக்கட்டை அறுத்தெடுத்த அன்று மத்தியானம், அவள் கையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

"ஏன்னா, ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கப் பிடாது. அங்கே கூப்பிட்டேளே, அதே மாதிரி ஒரு வாட்டி கூப்பிடுங்கோளேன்."

மறுக்க வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோமதி" என்றேன்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். தலையை மெல்ல ஆட்டினாள்.

"இப்படி இல்லை. இழுத்து."

"கோமதீ."

"ம்ஹூம். இதில்லை" என்றாள் கண்ணைத் திறக்காமல். "அங்கே இன்னும் பிரியமா இருந்தது."